ஒரு டியூப்பும் பன்னெண்டு காம்பராவும்

நம்ம லயத்து ஆளுங்களுக்கு மனசு பெரிசு, பேராண்டி. சீனி கடன் கேட்டுப் பாரு, "நாங்களே வெறும் சாயத்தண்ணிதான் குடிக்கிறோம்"னு கதவைச் சாத்துவாங்க. ஆனா ராத்திரியில நீ பரக்குப் பரக்குன்னு சொறியிற சத்தம் சுவருக்கு மேல ஏறி அடுத்த காம்பராவுக்குப் போச்சுன்னா போதும், விடியிறதுக்குள்ள இஸ்தோப்புல ஒரு கை நீளும். கையில ஒரு டியூப்பு. வால் பக்கம் சுருட்டினது, மூடி தொலைஞ்சது, மேல எழுதியிருந்த பேர் பாதி அழிஞ்சது. "இதைப் பூசு. எம் மகனுக்கு மூணே நாள்ல அடங்கிருச்சு." உம் மகனுக்கு என்ன இருந்துச்சுன்னு கேட்டா, "சொறிதான்"னு பதில் வரும். டொக்டர் படிப்பு அஞ்சு வருசமாம், நம்ம லயத்துல அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்.

நான் டொக்டர் இல்ல. தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்துக்காரர் ஐயா பக்கத்துல நின்னு போத்தல் கழுவினவன். ஊதா மருந்தும் கலமைன் தண்ணியும் கலக்கினவன். அதனால எனக்கு மருந்து தெரியாது, மருந்து வாங்க வாற ஆளைத் தெரியும். அந்த டியூப்பு எந்தெந்தக் காம்பராவுக்கு விருந்தாளியாப் போச்சுன்னும் தெரியும். சொல்லுறேன் கேளு.

முதல் காம்பரா பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்து அது. பனியில நனைஞ்ச கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, வீட்டுக்கு வந்து சவர்க்காரத் தண்ணியில சட்டிபானை கழுவிக் கழுவி, உள்ளங்கையெல்லாம் தடிச்சு, விரல் இடுக்கு வெடிச்சு நீர் வடிஞ்சுச்சு. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. 2017 மே மாசம் மோடி வந்து திறந்து வச்சாரே, அந்தக் கட்டடத்துக்குத்தான். டொக்டர் பார்த்துட்டு, "பீட்டாமெத்தசோன், கைக்கு மட்டும், ராத்திரி ஒரு வேளை, ரெண்டு வாரம், அப்புறம் வந்து காட்டுங்க"ன்னு துண்டு எழுதினாரு. நல்ல வைத்தியம். உள்ளங்கைத் தோல் தடிப்பு, லேசான மருந்து அங்க வாசப்படியைத் தாண்டாது. பெரியம்மா என்ன பண்ணுச்சு? நாலாம் நாள் சொறி அடங்கினதும் நிறுத்திட்டு, மிச்சத்தைத் தருமம் பண்ணக் கிளம்பிருச்சு.

தருமம் போற வழியைச் சொல்லுறதுக்கு முன்னால, டியூப்புக்குள்ள யாரு உட்கார்ந்திருக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க. ஸ்டீரொய்ட் கிரீம் எல்லாம் ஒரே பலம் இல்ல. நம்ம தோட்டத்து உத்தியோக வரிசை மாதிரி நாலு படி. ஹைட்ரோகோர்ட்டிசோன் ஒரு வீதம்னு எழுதியிருந்தா அது கங்காணி. அதட்டும், அடிக்காது. குளோபெட்டசோன்னா கணக்கப்பிள்ளை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ரெண்டும் சின்னதொரை. குளோபெட்டசோல் பெரியதொரை. ஜீப்பு சத்தம் கேட்டாலே மலை முழுக்க வாயடைச்சுப் போகும். குளோபெட்டசோன், குளோபெட்டசோல்னு ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிப் பாரு, நாக்குக்கே வித்தியாசம் தெரியாது. அவசரத்துல பாமசிக்காரப் பயலுக்கும் தெரியாது. பலத்துல அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெரியதொரை கங்காணியை விட 600 மடங்கு வரைக்கும் பலம்னு கணக்குச் சொல்லுறாங்க. அதனாலதான் பெரிய ஆளுக்கே வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல போகாத, ஒரே மூச்சுல ரெண்டு வாரம் தாண்டாதன்னு அதுக்கு வேலி போட்டிருக்கிறாங்க.

இவங்க எல்லாருக்கும் வேலை ஒண்ணுதான், கூச்சலை அடக்குறது. எக்சிமான்னா என்ன? சவர்க்காரம் பட்டுச்சு, குளிர்காத்து பட்டுச்சுன்னு சின்னக் காரணத்துக்குத் தோல் ஊரைக் கூட்டிக் கத்துது. செவக்குது, வீங்குது, அரிக்குது. அங்க தொரை வந்து ஒரு அதட்டுப் போட்டா நியாயம். ஆனா நெசமாவே கள்ளன் புகுந்ததைப் பார்த்து ஒருத்தன் கத்துறான்னு வை. அவனைப் போய் அதட்டுனா அவன் வாயை மூடிக்குவான், கள்ளன் சாவகாசமா மூட்டை கட்டுவான்.

ரெண்டாம் காம்பராவுல நடந்தது அதுதான். அங்க உள்ள மாப்பிள்ளைக்குத் தொடையிடுக்குல படர்தாமரை. பூட்ஸும் நனைஞ்ச கால்சட்டையுமா மருந்தடிக்கப் போறவனுக்கு அது வராம என்ன வரும்? அது பூஞ்சணம், உசிருள்ள கள்ளன். டியூப்பைப் பிதுக்கினான். மூணு நாள்ல அரிப்பு போச்சு. "கைகண்ட மருந்து"ன்னு எனக்கே பாடம் எடுத்தான். பூஞ்சணத்துக்கு என்ன? தடுக்க ஆளில்லை, ரெண்டு பக்கமும் தோட்டம் விரிச்சு, வயிறு வரைக்கும் ஏறிருச்சு. விட்டா எரியுது, பூசினா அடங்குது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பெருசாகுது. கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போனா, படர்தாமரைக்கு உள்ள அந்த வட்டமும் ஓரச் செதிலும் காணோம், டொக்டர் தோலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சுத்தான் ஆளைப் பிடிக்கணும். 1968லேயே இங்கிலாந்து டொக்டர்மார் ரெண்டு பேர் இதை எழுதி வச்சுட்டாங்க, மாறுவேஷம் போட்ட படர்தாமரைன்னு.

இந்தியாவுல இது ஊர் ஊரா நடந்து முடிஞ்ச கதை. ஸ்டீரொய்ட், பூஞ்சண மருந்து, கிருமி மருந்து மூணையும் ஒரே டியூப்புல அடைச்சு வித்தாங்க. எது எதுக்குன்னு யோசிக்க வேணாம், எல்லாத்தையும் சேர்த்துப் பூசுன்னு வியாபாரம். இப்ப அங்க படர்தாமரை சாதாரண மருந்துக்கு அசையமாட்டேங்குது. தோல் டொக்டர்மார் சங்கமாக் கூடிக் கத்தி, 2018ல அரசாங்கம் துண்டு இல்லாம இந்தக் கிரீமை விக்கக்கூடாதுன்னு சட்டத்தை இறுக்குச்சு. சட்டம் இறுகிருச்சு, கடைக்காரன் கை இறுகினமாதிரி தெரியல.

மூணாம் காம்பரா கதைக்கு நான் சிரிக்கணுமா அழணுமான்னு தெரியல. பயல் கொழும்புல கடையில நிக்கிறான். தீபாவளிக்கு வாறப்ப மூஞ்சி மட்டும் வெள்ளைக்காரத் தொரை, கழுத்துக்குக் கீழ நம்ம சாதி. பேர் போடாத ஒரு டப்பாவுல ஏதோ களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறான், அது தீர்ந்ததும் பெரியம்மா டியூப்பைத் தொடர்ந்திருக்கிறான். மொத மாசம் பளபளப்பு. பொண்ணு பார்க்கப் போட்டோ எடுத்துட்டாங்க. அப்புறம் கன்னத்துல செவப்பு நரம்பு வலை பின்னுச்சு, வாயைச் சுத்திப் பருப் பருவா வெடிச்சுச்சு, வெயில் பட்டா எரிஞ்சுச்சு. நிறுத்திப் பார்த்தான், மூஞ்சி தீயில போட்டமாதிரி செவந்து வீங்கிருச்சு. பயந்து திரும்பப் பூசினான், அடங்கிருச்சு. இப்ப அவன் கிரீமுக்கு வேலை செய்யிறானா, கிரீம் அவனுக்கு வேலை செய்யுதான்னு கேட்டுச் சொல்லு. ஸ்டீரொய்டால கெட்ட முகம்னே இதுக்கு இந்திய டொக்டர்மார் பேர் வச்சுட்டாங்க. இந்த நிலைமைக்கு வந்தவன் தன் இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. டொக்டர் கையைப் பிடிச்சுத்தான் இறங்கணும். பேர் இல்லாத களிம்புன்னா இன்னொரு பயமும் உண்டு, சிலதுல பாதரசம் கிடக்கும், அது சிறுநீரகத்துக்குப் போற சாமான்.

பேத்தி ஆத்தா, நீயும் சிரிக்காத. கண்ணாடிக்கு முன்னால நீ நிக்கிற நேரமும் எனக்குத் தெரியும்.

மூஞ்சித் தோலும் உள்ளங்கால் தோலும் ஒண்ணுன்னு நினைக்கிறதாலதான் இவ்வளவும். 1967ல அமெரிக்காவுல ஃபெல்ட்மன், மைபாக்னு ரெண்டு பேர் ஹைட்ரோகோர்ட்டிசோனை உடம்புல ஒவ்வொரு இடமாப் பூசி, எவ்வளவு உள்ள இறங்குதுன்னு அளந்தாங்க. முன்னங்கையில இறங்குறதை ஒண்ணுன்னு வச்சுக்க. உள்ளங்கால்ல அதுல ஏழுல ஒரு பங்குதான். நெத்தியில ஆறு மடங்கு. தாடையில பதிமூணு. அப்புறம் ஆம்பளைக்கு வேட்டி மறைக்கிற இடம் இருக்குதே, அங்க 42 மடங்கு! இதை நான் பெரட்டுக்களத்துல சொன்னப்ப ஒருத்தரும் சிரிக்கல. ஆறாம் காம்பரா கிழவன் மட்டும் வேட்டியைச் சரிபண்ணிக்கிட்டு மெதுவா எழுந்து போயிட்டான். டியூப்பு அவன்கிட்டயும் போய் வந்திருக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுச்சு.

அதனால மூஞ்சி, கண் இமை, அக்குள், தொடையிடுக்கு, இங்கெல்லாம் டொக்டர் சொன்னாத்தான் பூசணும், அதுவும் பெரும்பாலும் கங்காணி மட்டும், சில நாளைக்கு மட்டும். கண்ணோரமா பலமானதை மாசக்கணக்குல தேய்ச்சா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். பலமானது நாள்பட்டுப் போனா தோல் வெங்காயச் சருகா மெலிஞ்சு, தொட்டா ரத்தம் கட்டும். தொடையிலயும் அக்குள்லயும் கோடு கோடாத் தழும்பு விழும், அது மறுபடி மறையாது.

எட்டாம் காம்பராக் கைப்பிள்ளைக்குப் பிட்டமெல்லாம் செவந்திருந்துச்சு. டியூப்பு அங்கயும் போச்சு. பூசி, மேல பிளாஸ்டிக் நெப்கின் கட்டி, இறுக்கி, கம்பளியும் சுத்தினா என்ன ஆகும்? மூடினா மருந்து பல மடங்கு உள்ள இறங்கும். பிள்ளைக்கு உடம்பு சின்னது, எடைக்குத் தோல் பரப்பு ஜாஸ்தி. பலமான மருந்து ரத்தத்துல ஏறினா, உடம்பு தானாச் சுரக்கிற சுரப்பு படுத்துரும், வளர்த்தி குறையும். நெப்கினைக் கழட்டிக் காத்தாட விட்டாலே பாதி குணமாகிற விசயம் அது. பெரியவங்களுக்கும் இதேதான். இடுப்புல கிரீமைப் பூசிட்டு மேல படங்கை இறுக்கிக் கட்டிக்கிட்டு எட்டு மணி நேரம் மலையில நின்னா, உள்ள வேகுறது நீ மட்டும் இல்ல, மருந்தும்தான்.

பன்னெண்டாம் காம்பராவுலதான் கூத்து. புருசன், பொண்டாட்டி, மாமியா, நாலு புள்ளைங்க, எல்லாருக்கும் அரிப்பு. ராத்திரி படுத்தா அரிப்பு கூடுது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்புப் பட்டி, தொப்புளைச் சுத்தி. டிஸ்பென்சரித் திண்ணையில ஒரு மாசம் உட்கார்ந்த எவனும் சொல்லுவான் அது சிரங்குன்னு. தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை போடுற பூச்சி. ஒரு காம்பராவுல ஏழு பேரு ஒரே பாயில படுத்தா அதுக்குத் திருவிழா. அந்த வீட்டுல டியூப்பு கைக்குக் கை மாறிச்சு. அரிப்பு குறைஞ்சது, அதனால யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகல. பூச்சிக்கு மட்டும் குடும்பம் பெருகிருச்சு. இதுக்கு வேணும்கிறது பெர்மெத்ரின் அஞ்சு வீதம். கழுத்துக்குக் கீழ ஒரு இடம் விடாம பூசி, எட்டுலயிருந்து பன்னெண்டு மணி நேரம் வச்சுக் குளிக்கணும். அரிப்பு இருக்கிறவன், இல்லாதவன், வெட்கப்படுற மாமியா எல்லாரும் ஒரே ராத்திரியில பூசணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. படுக்கைத் துணியை சுடுதண்ணியில போடணும். கைப்பிள்ளைக்கும் புள்ளத்தாச்சிக்கும் ஆஸ்பத்திரியில கேட்டுட்டுச் செய்யி. அப்புறமும் ரெண்டு மூணு வாரம் அரிக்கும், பூச்சி செத்தும் தோலுக்குக் கோவம் தீரலன்னு அர்த்தம். எங்க காலத்துல பென்சைல் பென்சோயேட்டுன்னு ஒண்ணு பூசுவோம், எரிச்சல்ல சின்னப் புள்ளைங்க பீலிக்கரை வரைக்கும் ஓடும். இப்ப மருந்து சொகுசு, மனுசன்தான் இன்னும் டியூப்பைத் தேடுறான்.

ஒண்ணு மட்டும் நையாண்டி இல்லாமச் சொல்லுறேன். அரிக்காம, வெளிறிப்போய், கிள்ளினா உணர்ச்சி இல்லாம ஒரு தேமல் இருந்தா எந்தக் கிரீமும் தொடாத. அது தொழுநோயா இருக்கலாம். இலவச மாத்திரையில முழுசாக் குணமாகும், லேட்டாகாம போனாச் சரி.

இவ்வளவும் கேட்டுட்டு நீ இப்ப எதிர்ப்பக்கம் ஓடுவ, எனக்குத் தெரியும். ஓடின ஆளும் நம்ம லயத்துல உண்டு. போன்ல எவனோ கத்துறதைக் கேட்டுட்டு, ஸ்டீரொய்ட்னாலே விஷம்னு முடிவு கட்டிட்டாரு உங்க சித்தப்பா. மகளுக்கு முழங்கை மடிப்பும் முழங்கால் பின்னாடியும் எக்சிமா. ஜனவரிப் பனியில நுவரெலியாப் பக்கம் காத்து தோலை உரிக்குது, புள்ள ராத்திரி முழுக்க சொறிஞ்சு காலையில பள்ளிக்கூடத்துல தூங்குது. டொக்டர் கொடுத்த மருந்தைச் சித்தப்பா கடுகளவு தொட்டு, சாமிக்குப் பொட்டு வைக்கிறமாதிரி வச்சுட்டு, "பார்த்தியா, வேலை செய்யல"ங்கிறாரு. அந்தப் பயமும் சொறிதான், மூளையில வந்தது. இந்த மருந்தோட மூல சரக்கைக் கண்டுபிடிச்சு மூட்டு வாதத்துக்குக் கொடுத்தவங்களுக்கு 1950ல நோபல் பரிசே கொடுத்தாங்க. 1952லயிருந்து தோலுக்குப் பூசுறாங்க. சரியான ஆளு சரியான இடத்துல பூசி நிறுத்தினா, எக்சிமாவுக்கு இதை விடக் கைகொடுக்கிற மருந்து லேசுல கிடைக்காது.

எவ்வளவு பூசணும்னு அளக்கத் தராசு வேணாம். ஆள்காட்டி விரலை நீட்டு. நுனியிலயிருந்து முதல் ரேகை வரைக்கும் டியூப்பைப் பிதுக்கினா அரைக் கிராம். பெரிய ஆள் கையில விரலோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். மணிக்கட்டு வரைக்கும் ஒரு கைக்கு மூணு விரல் நுனி, பாதத்தை விட்டு ஒரு காலுக்கு ஆறு. புள்ளைக்குப் பூசுறப்பவும் அளக்கிறது உன் விரல், மறைக்கிறது ரெண்டு உள்ளங்கை இடம். 15 கிராம் டியூப்புல முப்பது தடவை இருக்குது. சின்ன இடத்துக்கு ஒரே வாரத்துல தீர்த்தா நீ ரொட்டிக்கு பட்டர் தடவியிருக்கிற, மூணு மாசம் வந்தா சித்தப்பா மாதிரி பொட்டு வச்சிருக்கிற.

பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு. முதல்ல ஈரப்பசைக்கு உள்ளதைப் பூசு. ஆஸ்பத்திரியில கொடுக்கிற வெள்ளைக் களிம்போ, வசிலினோ, நம்ம தேங்காயெண்ணெய்யோ எதுவா இருந்தாலும் சரி. அரை மணி நேரம் விட்டு மருந்தைப் பூசு. ஈரப்பசையை நிறுத்தவே வேணாம், அதை எவனும் தட்டிக் கேக்கப் போறதில்ல. தடிப்பும் செவப்பும் அடங்குற வரைக்கும் டொக்டர் சொன்ன நாள் பூசணும். அரிப்பு நின்ன அன்னைக்கே பெரியம்மா மாதிரி வள்ளலாகக் கூடாது. அடங்கின பிறகு, டியூப்புல மிச்சம் இருக்குதேன்னு தீர்க்கவும் கூடாது. காசு கொடுத்து வாங்கின சாமானை வீணாக்க நம்ம மனசு வராது, அதுதான் பிரச்சினை. அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தா, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் பூசிக் காவல் வைக்கிற முறையும் உண்டு. அதையும் டொக்டர்தான் சொல்லணும்.

நீ கேக்கப் போறது தெரியும். "தாத்தா, ஆஸ்பத்திரி இலவசம்தான், நாள் இலவசமா?" நியாயமான கேள்வி. 2024ல நாள் சம்பளம் 1,350 ரூபாவாச்சு. கிளினிக்குக்குப் போற நாள் செக்ரோல்ல பேர் விழாது, அந்தச் சம்பளமும் இல்ல. பஸ் காசு வேற. விடிய எழும்பி நம்பர் எடுத்து, மத்தியானம் வரைக்கும் வாங்குல உட்கார்ந்து, டொக்டர் ரெண்டு நிமிசம் பார்க்கிறாரு. டவுன் பாமசிக்காரன் துண்டு கேக்கமாட்டான், அஞ்சு நிமிசத்துல டியூப்பு. யாரு அங்க போகாம இருப்பா? உங்களைத் திட்டுறதுக்கு முன்னால, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்காரங்க வந்தா என்னன்னு நான் கேக்கிறேன். சங்கத் தலைவர்மாருக்குச் சம்பளம் பேசவே நேரம் போதல, சொறியை எங்க பேசுறது?

ஆனாலும் போ. வழக்கமா என்ன நடக்கும்னு சொல்லட்டா? டொக்டர் கேப்பாரு, "இதுக்கு முன்னால என்ன பூசினீங்க?" நீ உத்தமன் மாதிரி "ஒண்ணும் பூசல சார்"ங்கிற. மெலிஞ்சு பளபளக்கிற தோலைப் பார்த்துட்டு அவரு மறுபடி கேப்பாரு. நீ "கொஞ்சூண்டு தேங்காயெண்ணெய்"ங்கிற. பொய் சொல்லிட்டு வந்த பயலுக்கு அவரும் பொய்க்குத்தான் மருந்து எழுதுவாரு. டியூப்பையே எடுத்துட்டுப் போ, தீர்ந்து சப்பையாக் கிடந்தாலும் சரி, பேர் அழிஞ்சிருந்தாலும் சரி. பெரியம்மாகிட்ட வாங்கினதுன்னே சொல்லு. பெரியம்மா கோவிச்சுக்காது. அது ஏற்கனவே ஒம்பதாம் காம்பராக்காரிகிட்ட வேற ஒரு டியூப்பு வாங்கிப் பூசிக்கிட்டுத்தான் இருக்குது.